கட்டற்ற மென்பொருள் நீடித்து நிற்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி நூலகங்களில் கோஹா நிறுவிக் கொடுக்கும்போதும், லினக்ஸ் பயிலரங்குகளிலும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நூலகர்கள், கணினித் துறை ஆசிரியர்கள், மாணவர்கள், அலுவலகக் கணக்கர்கள் என்று பலர் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கோஹா என்பது கட்டற்ற (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள) நூலக மேலாண்மை மென்பொருள். புத்தகப் பட்டியல், உறுப்பினர் விவரம், புத்தகம் வழங்குவது, திரும்ப வாங்குவது எல்லாம் அதில் நடக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும் என்பதாலும், கால் நூற்றாண்டைத் தாண்டி உயிரோடு இருப்பதாலும், பதில்களில் அதையே அடிக்கடி எடுத்துக்காட்டுகிறேன்.

"ஃப்ரீன்னுதானே சொன்னீங்க? எழுதி முடிச்ச மென்பொருளுக்கு எதுக்கு சார் வருஷா வருஷம் செலவு?"

உரிமக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. ஆனால் எழுதி முடித்துவிட்ட மென்பொருள் என்று ஒன்று உலகத்தில் இல்லை. கோஹா பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. டெபியன் அல்லது உபுண்டு சர்வரில் ஓடுகிறது. அதன் பக்கங்களை அப்பாச்சி காட்டுகிறது, தரவு மரியாடிபியில் இருக்கிறது. இவை நான்கும் தனித்தனித் திட்டங்கள், ஒவ்வொன்றும் தன் போக்கில் புது வெர்ஷனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கோஹாவில் யாரும் கை வைக்காமல் விட்டால், சில ஆண்டுகளில் அதைப் புது சர்வரில் ஏற்றவே திண்டாட வேண்டியிருக்கும். நடுவில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் வேறு.

ஏரியை வெட்டினால் மட்டும் போதாது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூர்ச் சபை ஆண்டுதோறும் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தது, கல்வெட்டில் இருக்கிறது. மென்பொருளிலும் வெட்டும் வேலையைவிடத் தூர் வாரும் வேலைதான் அதிகம், அதற்குத்தான் ஆளும் பணமும் கிடைப்பதில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளும் ஏதோ ஒரு வழியில் இங்கேதான் வந்து நிற்கும்.

"இதையெல்லாம் யார்தான் எழுதுறாங்க? எல்லாரும் சும்மா செய்யறாங்களா?"

எல்லாரும் சும்மா செய்வதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறவர்கள். கோஹாவில் பிரான்சின் பிப்லிப்ரே, அமெரிக்காவின் பைவாட்டர், நியூசிலாந்தின் கேடலிஸ்ட் போன்ற சேவை நிறுவனங்களின் ஊழியர்களும், நூலகங்களிலேயே வேலை பார்க்கும் சிலரும் எழுதுகிறார்கள்.

ஆனால் அடித்தளத்தில் கிடக்கும் சின்னச் சின்ன நூலகங்களின் கதை வேறு (இங்கே நூலகம் என்றால் லைப்ரரி எனப்படும் கோடுத் தொகுப்பு; கோடு என்பது மென்பொருளை எழுதும் நிரல் வரிகள்). இணையத்தில் நம் கடவுச்சொல்லை மறைத்து அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே வந்தது. வந்த செய்தி தன் நீளம் என்று சொல்லும் எண் உண்மைதானா என்று ஓரிடத்தில் சோதிக்காமல் விட்டிருந்தார்கள். அதைப் பயன்படுத்தி சர்வரின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களையும் ரகசியச் சாவிகளையும் உருவ முடிந்தது. இரண்டு ஆண்டுகளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. உலகின் ஏராளமான இணையதளங்கள் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது, முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். எழுதியவர் தவறவிட்டதைச் சரிபார்த்தவரும் தவறவிட்டார். அதற்கு மேல் பார்க்க மூன்றாவது ஆள் இல்லை. செய்தி வெடித்த பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய நிறுவனங்களிடம் பணம் திரட்டி, அங்கே இரண்டு முழுநேர ஆட்களுக்கு ஏற்பாடு செய்தது.

"எழுதின கம்பெனி மூடிட்டுப் போயிட்டா எங்க லைப்ரரி என்ன ஆகும்?"

நூலகர்கள் கேட்கும் கேள்விகளிலேயே நியாயமான கேள்வி இது. கோஹாவுக்குக் கிட்டத்தட்ட இதுவே நடந்திருக்கிறது, அதனால் அந்தக் கதையையே சொல்கிறேன்.

நியூசிலாந்தில் லெவின் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை, தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்ததும், கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்தை வைத்துப் புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டது. 2000 ஜனவரி 3 அன்று அது ஓடத் தொடங்கியது. மாற்றி வெளியிடுகிறவரும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் அதை ஊருக்கே பொதுவாக வெளியிட்டார்கள். 2007இல் கட்டிப்போவின் கோஹா பிரிவை லிப்லைம் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. 2009இல் லிப்லைம் தன் வாடிக்கையாளர்களுக்கென்று தனியாக ஒரு வெர்ஷனை வளர்க்கத் தொடங்கியது. கோஹாவை எழுதியும் பயன்படுத்தியும் வந்த சமூகத்துக்கும் அதற்கும் உறவு கசந்தது. 2010இல் லிப்லைமையே பி.டி.எஃப்.எஸ். வாங்கிவிட்டது. கோஹாவின் பழைய இணைய முகவரியும் அவர்கள் கைக்குப் போனது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? கோடை எடுத்துக்கொண்டு புது இணைய முகவரிக்கு மாறினார்கள். பொதுச் சொத்துகளைக் காக்கும் பொறுப்பை முதலில் எழுதவைத்த அந்த லெவின் நூலகத்திடமே கொடுத்தார்கள். 2011இல் நியூசிலாந்தில் 'கோஹா' என்ற பெயருக்கு பி.டி.எஃப்.எஸ். கேட்ட வணிக முத்திரை முதல் கட்டத்தைத் தாண்டியது. ஹோரோவெனுவா அறக்கட்டளையும் கேடலிஸ்டும் எதிர்த்து நின்றன. 2013 இறுதியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இத்தனை ஆண்டு இழுபறியிலும் எந்த நூலகத்தின் மேசையிலும் புத்தகம் வழங்குவது நிற்கவில்லை. கோஹா இன்றைக்கும் மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை வெளிவருகிறது. எழுதிய கம்பெனி போனாலும் உங்கள் நூலகம் ஓடும். ஆனால் அது தானாக ஓடுவதில்லை, யாரோ சிலர் மெனக்கெட்டு ஓட வைக்கிறார்கள்.

"அப்போ கோடு கையில இருந்தாப் போதாதா? வேற எதைப் பத்திரமா வச்சுக்கணும்?"

பெயர், இணைய முகவரி, சர்வர் கடவுச்சொற்கள், வெளியீடு அசல்தான் என்று டிஜிட்டலாகக் கையெழுத்திடும் சாவி, வங்கிக் கணக்கு. இவை ஒரே ஆளின் பெயரிலோ ஒரே கம்பெனியின் கையிலோ இருந்தால் ஆபத்து. கடிதம், கணக்கு என்று அலுவலக வேலைகளுக்கான லிப்ரேஆஃபிஸ் நல்ல உதாரணம். ஓப்பன்ஆஃபிஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் வாங்கியபோது, அதை எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் வெளியே வந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். கோடைக் கொண்டுபோக முடிந்தது, பெயரைக் கொண்டுபோக முடியவில்லை. வளர்ச்சியெல்லாம் லிப்ரேஆஃபிஸில் நடக்கிறது. ஆனால் பழைய பெயரைத் தேடிப் பழைய மென்பொருளையே இறக்கிக்கொள்ளும் அலுவலகங்கள் இன்னமும் இருக்கின்றன.

இதற்காகத்தான் பல திட்டங்கள் இவற்றையெல்லாம் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பிடம் கொடுத்து வைக்கின்றன. டெபியனின் பணத்தையும் பெயரையும் சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் வைத்திருக்கிறது. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, அப்பாச்சி ஃபவுண்டேஷன் போன்றவையும் இப்படிப் பல திட்டங்களுக்குத் தாய்வீடாக இருக்கின்றன. எதற்கும் தனியாக ஒரு அறக்கட்டளை பதிவு செய்து, ஆடிட்டர் வைத்து அல்லல்பட வேண்டியதில்லை.

"ஒரே ஒரு ஆள் நல்லா பார்த்துக்கிட்டு இருந்தா என்ன தப்பு?"

தப்பு அவர் மேல் இல்லை. அவர் களைத்துப்போகும் நாளில் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். லாசே காலின் என்பவர் சம்பளமில்லாமல், தனியாளாகப் பல ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டார். 2022இல், "ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறீர்கள், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று முன்பின் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலைதான் என்று அவர் வெளிப்படையாகவே பதில் எழுதினார். அதற்குள் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பயனுள்ள பேட்சுகளாக (கோடில் செய்யும் திருத்தங்கள்) அனுப்பி நம்பிக்கை சம்பாதித்திருந்தார். மெல்ல மெல்லப் பொறுப்பும் அவர் கைக்குப் போனது.

2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் அந்த ஆள் ஒரு கள்ளக்கதவு வைத்துவிட்டார். சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழியையே அது திறந்துவிடக்கூடியது. அதைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருவர். டெபியனின் சோதனை வெர்ஷனில் வேறொரு வேலையாக இருந்தபோது, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அந்த அரை நொடி ஏன் என்று தோண்டிக்கொண்டே போய், மார்ச் 29 அன்று ஊருக்குச் சொன்னார். பரவலான லினக்ஸ் வெளியீடுகளுக்குள் போகும் முன்பே தடுத்தாகிவிட்டது. ஆனால் உலகத்தின் சர்வர்கள் தப்பித்தது ஒரு மனிதரின் கவனத்தால். அதை ஒரு ஏற்பாடாக நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

"மெயின்டெய்னர் மாசக்கணக்கா பதிலே போடல. நாலு வார்த்தை காரமா எழுதினா தப்பா அண்ணா?"

மெயின்டெய்னர் என்றால் திட்டத்தைப் பராமரிப்பவர். அவருக்கு அப்படி எழுதாதீர்கள். முந்தைய பதிலில் லாசே காலினை நெருக்கியவர்கள் எழுதியதும் அப்படித்தான் இருந்தது. அந்த நெருக்கடியே தாக்குதலின் பகுதி என்றுதான் இன்று பலரும் கருதுகிறார்கள். காரமான கடிதம் நேர்மையான பயனரிடமிருந்து வந்தாலும், களைத்த ஆளிடம் அது செய்யும் வேலை ஒன்றுதான்.

அவசரமாக ஒரு திருத்தம் வேண்டுமென்றால், அந்தப் பிழையை வேறு யாராவது சோதித்துச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள், அல்லது அதைச் சரிசெய்ய ஒருவருக்குப் பணம் கொடுங்கள். உண்மையிலேயே திட்டம் கைவிடப்பட்டதுபோல் தெரிந்தால், "நான் உதவலாமா, எந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேளுங்கள்.

"எங்க காலேஜுக்கு ஒரு மென்பொருள் தேர்ந்தெடுக்கணும்னா, அது நீடிக்குமான்னு எப்படிப் பார்க்கிறது?"

எத்தனை பேர் இறக்கினார்கள், எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்பதை நான் பார்ப்பதில்லை. கடைசி ஓராண்டில் கோடு சேர்த்தவர்கள் யார் யார், அவர்கள் எத்தனை நிறுவனங்களிலிருந்து வருகிறார்கள் என்று பார்ப்பேன். எல்லாப் பெயரும் ஒரே கம்பெனியாக இருந்தால் யோசிப்பேன். வெளியீடு ஒழுங்காக வருகிறதா, பாதுகாப்புப் பிழையைத் தனியாகச் சொல்ல வழி வைத்திருக்கிறார்களா, பொறுப்பாளர்கள் மாறிய வரலாறு உண்டா என்பவை அடுத்து. பொறுப்பு ஒருமுறையாவது நல்லபடியாகக் கைமாறிய திட்டம் எனக்கு நம்பிக்கை தரும். பைத்தானைத் தொடங்கிய குய்டோ வான் ரோசம் 2018இல் தலைமையிலிருந்து விலகினார். 2019 முதல் ஐந்து பேர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட குழு அதை நடத்துகிறது. மொழி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கோஹாவில் ஒவ்வொரு ஆறு மாத வெளியீட்டுக்கும் பொறுப்புக் குழுவை ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருள் உங்கள் கைபேசியில் இப்போதே பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும். அதை எழுதுவது ரிச்சர்ட் ஹிப்பின் மிகச் சிறிய குழு, வெளியாட்களின் கோடைப் பொதுவாக ஏற்பதே இல்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் உறுப்பினர்களாகிக் கட்டணம் செலுத்தும் கூட்டமைப்பு ஒன்று பின்னால் இருக்கிறது, 2050 வரை பராமரிப்போம் என்று சொல்லி அதற்கேற்ற சோதனைகளோடு வேலை செய்கிறார்கள். கூட்டம் பெரிதா சிறிதா என்பதைவிட, வருமானத்துக்கும் வாரிசுக்கும் யோசித்து வைத்திருக்கிறார்களா என்பதைப் பாருங்கள்.

"எங்களது அரசு உதவி பெறும் கல்லூரி. நன்கொடைன்னு பில் போட முடியாது. நாங்க எப்படி உதவறது?"

நன்கொடை வேண்டாம், வேலைக்குக் கூலி கொடுங்கள். கொட்டேஷன் வாங்கி, ஜி.எஸ்.டி. பில்லோடு, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவது உங்கள் அலுவலகத்துக்குப் பழகிய காரியம்தானே. ஜெராக்ஸ் மெஷினுக்கு ஏ.எம்.சி. போடும் கல்லூரி கோஹாவுக்கும் போடலாம். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி நான் எல்லாரிடமும் மன்றாடுகிறேன். ஒன்று, எங்களுக்காகச் செய்யும் மாற்றங்களை மூலத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு, தரவின் முழு பேக்கப்பும் சர்வர் கடவுச்சொல்லும் எப்போதும் கல்லூரியிடம் இருக்க வேண்டும். இரண்டாவது வரி இல்லாததால் சேவை தருபவரோடு மனக்கசப்பு வந்ததும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிய நூலகங்களைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் கட்டற்றதாக இருந்தும் அவர்கள் கட்டுண்டுதான் கிடந்தார்கள்.

ஒரு வசதி வேண்டுமென்றால் அதற்கு மட்டும் பணம் கொடுப்பதும் நல்ல வழி. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் நெல்சன்வில் பொது நூலகம் கோஹாவுக்கு மாற விரும்பியபோது, மார்க் என்ற பட்டியல் வடிவத்தை அது கையாளும்படி செய்யப் பணம் செலுத்தியது. இன்றைக்கு நம் ஊர்க் கல்லூரிகள் மார்க் பதிவுகளை கோஹாவில் ஏற்றுவது அந்தத் தொடக்கத்தின் பலன். ஒரே மாவட்டத்தில் பத்துக் கல்லூரிகள் சேர்ந்தால் ஒவ்வொருவர் பங்கும் சின்னதாகிவிடும். நூலகர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள் என்பதால் இது நடக்கக்கூடிய காரியம்தான்.

"நாங்க எங்க தேவைக்கு மாத்திக்கிட்டோம், நல்லா ஓடுது. அதை எதுக்கு வெளியில அனுப்பிக்கிட்டு இருக்கணும்?"

தர்மத்துக்காக அனுப்ப வேண்டாம், உங்கள் சொந்த நிம்மதிக்காக அனுப்புங்கள். கோஹா ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. உங்கள் மாற்றம் உங்களிடம் மட்டும் இருந்தால், ஒவ்வொரு அப்டேட்டிலும் அதைத் திரும்ப ஒட்ட வேண்டும். முதல் முறை அரை நாள் ஆகும். நாலாவது முறை, ஒட்டத் தெரிந்த பையன் வேலை மாறிப் போயிருப்பான். அப்புறம் "அப்டேட்டே வேண்டாம், ஓடுறது ஓடட்டும்" என்று பழைய வெர்ஷனிலேயே நின்றுவிடுவார்கள். ஓட்டையோடு ஓடும் பழைய கோஹாக்களில் பல இப்படி வந்தவைதான்.

அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். கோஹாவின் பிழைப் பதிவேட்டில் உங்கள் பேட்சுக்கு ஓர் எண் கிடைக்கும். முதலில் வேறொருவர் அதைத் தன் கணினியில் ஏற்றி, நீங்கள் எழுதிய சோதனைப் படிகளை அப்படியே செய்து பார்த்துக் கையெழுத்திடுவார். அவர் ஒரு நூலகராகவே இருக்கலாம். பிறகு தரக்கட்டுப்பாட்டுக் குழுவில் ஒருவர் பார்ப்பார், கூடியவரை உங்கள் நிறுவனத்தைச் சேராதவராக. கடைசியில் வெளியீட்டு மேலாளர் சேர்ப்பார். சில நாளிலும் முடியலாம், மாதங்களும் ஆகலாம். சேர்ந்துவிட்டால் அதன் பிறகு அந்த வரிகளை உலகமே பார்த்துக்கொள்ளும்.

"திடீர்னு ஒருநாள் லைசென்ஸை மாத்திட்டாங்கன்னா? ரெடிஸ்ல அப்படித்தானே செஞ்சாங்க?"

ஆமாம். ரெடிஸ் என்பது தரவை வேகமாக எடுத்துத் தரும் மென்பொருள். 2024 மார்ச்சில் அதன் நிறுவனம், இனி வரும் வெர்ஷன்கள் பழைய தாராளமான உரிமத்தில் வராது என்று அறிவித்தது. சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ என்ற பெயரில் கிளைத்திட்டம் தொடங்கிவிட்டது. 2021இல் தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சின் உரிமம் மாறியபோது ஓப்பன்சர்ச் வந்தது, 2023இல் சர்வர்களை அமைக்கும் கருவியான டெராஃபார்ம் மாறியபோது ஓப்பன்டோஃபு வந்தது. ரெடிஸும் எலாஸ்டிக்சர்ச்சும் பின்னால் ஜிபிஎல் போன்ற ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு திறமூலத்துக்கு (கோடு எல்லாருக்கும் திறந்திருக்கும் நிலை) திரும்பின. அந்த நிறுவனங்களின் தரப்பையும் சொல்ல வேண்டும். தாங்கள் எழுதியதைப் பெரிய கிளவுட் கம்பெனிகள் விற்றுச் சம்பாதிக்க, தங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றார்கள். அந்த ஆதங்கம் பொய்யல்ல. அதற்குப் பயனர்கள் விலை கொடுக்க வேண்டி வந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தடுப்பது எப்படி? பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். எழுதுகிறவர்கள் எல்லாரும் உரிமையை ஒரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் திட்டத்தில், அந்த நிறுவனம் நினைத்தால் மாற்றலாம். கோஹாவில் பதிப்புரிமை பல நாடுகளில் பல பேரிடம் சிதறிக் கிடக்கிறது, எல்லாமே ஜிபிஎல். அத்தனை பேரும் சம்மதிக்காமல் அதை மூட முடியாது. மூன்றாவது கேள்வியில் சொன்ன இழுபறியில் கோஹா பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"மக்கள்கிட்ட நன்கொடை கேட்டா வராதா? பிளெண்டருக்கு வந்துச்சே?"

வந்தது, அது அருமையான கதை. முப்பரிமாணப் படங்கள் செய்யும் பிளெண்டரை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் கோடைத் திறந்துவிடச் சம்மதம் என்றார்கள் முதலீட்டாளர்கள். அதைத் தொடங்கிய டான் ரோசெண்டால் பயனர்களிடம் கையேந்தினார், ஏழு வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. வீடியோ பார்க்க உதவும் வி.எல்.சி.யும் அப்படித்தான் விளம்பரம் போடாமல் நிற்கிறது. விளம்பரத்துக்காகப் பெரும் பணம் தர வந்தவர்களை மறுத்ததாக அதன் முதன்மை உருவாக்குநர்களில் ஒருவரான ஜான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பிளெண்டரும் வி.எல்.சி.யும் கண்ணுக்குத் தெரிகிறவை. தினமும் திறக்கிறோம், பெயர் தெரியும், பிடித்துப்போய்ப் பணம் அனுப்புகிறோம். எக்ஸ்இசட்டை யார் திறந்து பார்த்தார்கள்? அடியில் கிடப்பதற்குத் தனிமனித நன்கொடை வராது. அதைப் பயன்படுத்திச் சம்பாதிக்கும் நிறுவனங்களும் அரசுகளும்தான் கொடுக்க வேண்டும். பெங்களூரின் பங்கு வர்த்தக நிறுவனமான ஸெரோதா 2024இல் ஃப்ளாஸ் ஃபண்ட் என்று தொடங்கி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் இப்படிப்பட்ட திட்டங்களுக்குத் தருவதாக அறிவித்தது. திறமூலத்தின் மேல் நிற்கும் மற்ற இந்திய மென்பொருள் நிறுவனங்களும் இதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. சென்னையிலும் கோவையிலும் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் குறைவில்லை.

"அரசாங்கம் பணம் கொடுத்தா, அரசாங்கத்தோட பிடி வந்துடாதா?"

கொடுக்கும் விதத்தைப் பொறுத்தது. ஜெர்மனி 2022இல் சாவரின் டெக் ஃபண்டைத் தொடங்கியது. குறிப்பிட்ட பராமரிப்பு வேலைக்கு ஒப்பந்தம் போட்டுப் பணம் தருகிறார்கள், திட்டத்தின் உரிமையைக் கேட்பதில்லை. புதுமையாக ஏதாவது செய்யுங்கள் என்று கேட்காமல் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பணம் தருவதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது.

இந்திய அரசும் 2015இல் திறமூலத்துக்கு முன்னுரிமை என்று கொள்கை வெளியிட்டது. அரசுச் செயலிகளின் கோடைத் திறப்பதற்கும் அதே ஆண்டில் ஒரு கொள்கை வந்தது. பயன்படுத்தச் சொல்லும் கொள்கை இருக்கிறது, பராமரிப்புக்குத் தொடர்ந்து பணம் ஒதுக்கும் பழக்கம் வளரவில்லை. பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியதோடு நிற்காமல், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தனி அமைப்பும் வைத்து ஆண்டுக்கணக்காக நடத்துகிறார்கள். ஆட்சி மாறியும் அது நிற்கவில்லை.

"ஒரு அவசரத்துக்கு எழுதின மென்பொருள், அவசரம் முடிஞ்சதும் செத்துப்போயிடுதே. ஹேக்கத்தான்ல பார்க்கிறோமே?"

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சஹானா பிழைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிய இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் சில வாரங்களில் எழுதியது அது. அந்த அவசரம் அடங்கிய பிறகு லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அதை எடுத்துவைத்துத் திருத்தி, மற்ற நாடுகளும் பயன்படுத்தும்படி செய்தது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் பயன்பட்டது, 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது. 2009இல் அதற்கென்றே தனி அறக்கட்டளை அமைந்தது.

ஹேக்கத்தானில் (ஓரிரு நாளில் மென்பொருள் எழுதும் போட்டி) வருவது ஏன் சாகிறது என்றால், பரிசு கொடுத்த பிறகு அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று யாரும் கேட்பதில்லை. சஹானாவை ஏற்று வைக்க ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது.

"எனக்கு கோடிங் வராது சார். நான் லைப்ரரியன். என்னால என்ன ஆகும்?"

நிறைய ஆகும். பேட்சைச் சோதித்துக் கையெழுத்திட நூலகரே போதும் என்று மேலே சொன்னேன். அதைவிட எளிது, நல்ல பிழை அறிக்கை எழுதுவது. "வேலை செய்யவில்லை" என்று எழுதாமல், கோஹாவின் 'பற்றி' பக்கத்தில் இருக்கும் வெர்ஷன் எண்ணை முழுதாக எழுதுங்கள். எந்தத் திரை, எதை அழுத்தினீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பும் உலாவியிலேயே செய்யலாம். அன்றாடம் புத்தகம் வழங்கும் மேசையில் உட்கார்கிறவருக்குத்தான் எந்தப் பொத்தானுக்கு என்ன பெயர் பொருந்தும் என்று தெரியும்.

மாணவர்களுக்கு ஒன்று. டி-ஷர்ட்டுக்காக, ரெஸ்யூமேவுக்காக என்று ஒரு சொல்லை மாற்றி அனுப்பாதீர்கள். திருத்தம் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் தந்த 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் அப்படி வந்து குவிந்த குப்பையால் பராமரிப்பாளர்கள் நொந்துபோய், அமைப்பாளர்கள் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்த பாதுகாப்பு அறிக்கையைப் படிக்காமல் அனுப்புவதும் அதே பாவம். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், இல்லாத ஓட்டைகளைப் பற்றிய நீண்ட அறிக்கைகள் தன் குழுவின் நேரத்தைத் தின்பதாகப் பலமுறை எழுதியிருக்கிறார். ஒரே திட்டத்தில் ஆறு மாதம் தங்குங்கள். மற்றவர்கள் அனுப்பியதைச் சோதியுங்கள். பராமரிப்பாளருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

"ஒரு திட்டத்தை இழுத்து மூடினா அது தோல்விதானே?"

நல்லபடியாக மூடினால் இல்லை. பைத்தான் 2-க்கு 2015இல் முடிவு என்றுதான் முதலில் இருந்தது. உலகம் தயாராகவில்லை என்று தெரிந்ததும், 2014இலேயே அதை 2020 என்று நீட்டி அறிவித்தார்கள். 2020 ஜனவரி 1-ஐ எல்லாரும் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். இன்ன தேதியோடு நிறுத்துகிறோம், இதற்கு மாற்று இது, தரவை இப்படி வெளியே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு நிறுத்துவதும் பராமரிப்பில் சேர்த்திதான். ஒன்றும் சொல்லாமல் காணாமல் போவதுதான் பயனர்களை நடுத்தெருவில் நிறுத்துகிறது.

பயனர் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தரவு பொதுவான வடிவத்தில் வெளியே வருகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை செய்து பாருங்கள். கோஹாவில் இருந்து முழுப் பட்டியலையும் மார்க் கோப்பாக ஏற்றுமதி செய்து, இன்னொரு கணினியில் புதிதாக நிறுவிய கோஹாவில் ஏற்றிப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். தமிழ்த் தலைப்புகள் சரியாக வந்திருக்கின்றனவா, பார்கோடு எண்கள் பொருந்துகின்றனவா, எண்ணிக்கை சமமா என்று சரிபார்த்து, தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்து வரும் நூலகருக்கு அந்தப் பக்கம் தேவைப்படும்.